பலகை மறைத்த கடை: பொதுப்பணிகளும் வணிகரின் நட்டமும்

சாலை தோண்டுவதால் அக்கம்பக்கத்தாருக்கு நேரும் நட்டங்களில் சட்டத்தின் கண்ணுக்கு எளிதில் படுபவை இரண்டு: நிலம் பறிபோவதும் கட்டடம் விரிசல் விடுவதும். மூன்றாவது ஒன்றும் உண்டு. நிலத்தில் ஓர் அங்குலம்கூடப் போகாமல், சுவரில் ஒரு கீறலும் விழாமல், எதிரே நிறுத்திய பலகை அடைப்பைக் கண்டு ஆட்கள் வேறு வழியாகச் சுற்றிப் போகத் தொடங்கி, கல்லாவில் விழும் காசு மட்டும் நாளுக்கு நாள் குறைவதே அது. இதற்கு யார் பொறுப்பு என்ற கேள்வி பழையதுதான். ஆனால் இருப்புப்பாதைகள் நகரங்களின் வயிற்றுக்குள் நுழைந்த 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் இங்கிலாந்தின் நீதிமன்றங்கள் அதற்கு ஓர் உறுதியான விடையைச் சொல்லின. யாரும் பொறுப்பல்ல என்பதே அந்த விடை. இன்று பல நாடுகளின் நகராட்சிகளும் போக்குவரத்து வாரியங்களும் கட்டுமானத்தால் வியாபாரம் படுத்துப்போன கடைகளுக்கு வழங்கும் நிதியுதவி, அந்த விடையைத் திருத்திப் பிறந்தது அன்று. அதை அப்படியே நிற்கவிட்டு, அதன் ஓரமாகப் பின்னாளில் இறக்கிய தாழ்வாரம் என்பதே பொருத்தம்.

இருப்புப்பாதைக்கு முந்திய இங்கிலாந்துச் சட்டம் இவ்வளவு கடுமையாக இருக்கவில்லை. வழக்குத் தீர்ப்புகளின் வழியே வளர்ந்த பொதுச்சட்டத்தில், பொதுவழியை மறிப்பது ஊரார் அனைவருக்கும் எதிரான குற்றமாகக் கருதப்பட்டது. ஆகவே தனி ஒருவர் அதற்காக வழக்காட வேண்டுமானால், ஊராருக்கு நேர்ந்த இடையூற்றுக்கு மேலாகத் தமக்கென ஒரு சிறப்பு நட்டம் நேர்ந்ததை அவர் காட்ட வேண்டியிருந்தது. 1699-இல் நிலக்கரிச் சுரங்க உரிமையாளர் ஒருவர், வழி மறிக்கப்பட்டதால் கரி வாங்க வருவோர் வரமுடியாமல் போயிற்று என்று தொடுத்த வழக்கில் நீதிபதிகள் முதலில் இரண்டாகப் பிரிந்து நின்றாலும், பிற நீதிமன்றங்களின் நீதிபதிகளையும் கலந்த பிறகு வழக்கு செல்லும் என்றே முடிந்தது. 1835-இல் லண்டனில் ஒரு புத்தகக் கடைக்காரர் இதே அடிப்படையில் வென்றார். தேம்ஸ் ஆற்றங்கரையில் ஹங்கர்ஃபோர்டு சந்தையைப் புதுப்பித்துக் கட்டிய நிறுவனம், அவர் கடை இருந்த பொதுவழியைத் தேவைக்கு மேற்பட்ட காலம் அடைத்து வைத்திருந்தது; அவ்வழியே போவோர் நின்று புத்தகம் புரட்டி வாங்குவது நின்றுபோயிற்று; அந்த நட்டத்துக்கு நிறுவனம் ஈடு கொடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லிற்று. கடை முன் நடக்கும் கால்கள் கடைக்காரருக்குச் சொந்தமில்லை எனினும், அக்கால்களை வேறொருவர் முறையின்றித் திருப்பிவிட்டால் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு என்பதே இத்தீர்ப்பின் உட்பொருள். அந்தச் சந்தை பின்னர் இடிக்கப்பட்டு, அதே இடத்தில் 1864-இல் சேரிங் கிராஸ் இரயில் நிலையம் திறக்கப்பட்டது. புத்தகக் கடைக்காரரின் சட்டமும் ஏறக்குறைய அக்காலத்திலேயே இரயிலுக்கு வழிவிட நேர்ந்தது.

இதற்கான அடித்தளம் 1845-இல் இடப்பட்டது. இருப்புப்பாதை நிறுவனங்கள் ஒவ்வொன்றும் தனித்தனிச் சட்டம் பெற்று வந்த குழப்பத்தைத் தீர்க்க, நிலம் எடுப்பதற்கும் பாதை அமைப்பதற்கும் பொதுவான விதிகளைத் தொகுத்து இரண்டு சட்டங்களை நாடாளுமன்றம் அவ்வாண்டில் இயற்றிற்று. நாடாளுமன்றமே ஒரு பணிக்கு அனுமதி தந்துவிட்டால் அப்பணி குற்றமாகாது. குற்றமாகாதபோது வழக்கும் இல்லை. இப்படிப் பறிபோன வழக்குரிமைக்கு மாற்றாக, நிலம் எடுக்கப்படாவிட்டாலும் பணியினால் ‘தீங்குறப் பாதிக்கப்பட்ட’ நிலத்தின் உரிமையாளருக்கும் அனுபோகதாரருக்கும் இழப்பீடு உண்டு என்று அச்சட்டங்கள் கூறின. அனுபோகதாரர் என்பதில் வாடகைக்கு இருக்கும் கடைக்காரரும் அடங்குவார். ஆனால் தீங்குறுவது நிலமா, நிலத்தின் மேல் நடக்கும் தொழிலா என்பதைச் சட்டம் வெளிப்படையாகச் சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லின் பொருளைச் சுற்றியே அடுத்த 150 ஆண்டு வழக்குகள் சுழன்றன.

சோதனை வந்தது உலகின் முதல் நிலத்தடி இரயிலான மெட்ரோபாலிட்டன் இரயில்வேயினால். பாடிங்டனிலிருந்து ஃபாரிங்டன் வரை 1860-இல் தொடங்கிய இப்பணி ‘வெட்டி மூடும்’ முறையில் நடந்தது. அதாவது, இன்று போல் ஆழத்தில் எந்திரம் குடைந்து செல்வதில்லை, தெருவை மேலிருந்தே பிளந்து, பள்ளத்தில் செங்கல் வளைவு கட்டி, மண்ணைத் திரும்பக் கொட்டித் தெருவை மறுபடி போடுவார்கள். பொறியாளர் ஜான் ஃபவுலர். மேரிலபோன் சாலையும் யூஸ்டன் சாலையும் கிழிந்து கிடந்தன. கிளர்கன்வெல் பகுதியில் வீடுகள் இடிக்கப்பட்டு ஏழைகள் விரட்டப்பட்டனர். 1862 ஜூனில் ஃபிளீட் சாக்கடை உடைத்துக்கொண்டு பள்ளத்துக்குள் பாய்ந்தது. 1863 ஜனவரி 10 அன்று மக்கள் முதன்முதலாக அதில் பயணம் செய்தார்கள் என்பதைத்தான் வரலாறு பெரிதாக எழுதி வைத்திருக்கிறது.

கிளர்கன்வெலில் கிராஃபர்டு பாசேஜ் என்ற சந்து ஒன்று உண்டு. அங்கே ‘பிக்கிள்டு எக்’ என்று ஒரு மதுக்கடை இருந்தது. காடியில் ஊறப்போட்ட முட்டை என்பது அப்பெயரின் பொருள், சந்துக்கே முன்பு அப்பெயர்தான் வழங்கிற்று. இரண்டாம் சார்லஸ் மன்னர் அவ்வழியே போகையில் அங்கே அத்தகைய முட்டை ஒன்றைத் தின்றார் என்று செவிவழிக் கதையும் உண்டு. லண்டனின் இத்தகைய மதுக்கடைகள் தேடி வருவோரைவிடக் கடந்து போவோரையே பெரிதும் நம்பியவை. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் ஒரு குவளை குடித்துவிட்டுப் போகும் கூலிக்காரர்களும் கைவினைஞர்களும்தான் அவற்றின் வாடிக்கை. இரயில்வே நிறுவனம் தன் பணிக்காக அருகிலிருந்த தெருக்களில் பலகை அடைப்புகளை நிறுத்தியபோது அந்த நடையோட்டம் அறுந்தது. கடை நின்ற இடத்தில்தான் நின்றது, அதன் கதவைத் திறக்கத் தடையில்லை, பீப்பாய்களும் குறையவில்லை. ஆள் மட்டும் வரவில்லை. கடையை நடத்திய ரிக்கெட் என்பவர் 1845-ஆம் ஆண்டுச் சட்டங்களின்படி இழப்பீடு கேட்டார். நடுவர் குழு அவருடைய வியாபார நட்டத்தை 100 பவுன் என்று மதிப்பிட்டது.

நூறு பவுனுக்காக எழுந்த இவ்வழக்கு மூன்று நீதிமன்றங்கள் ஏறியது. முதலாவது ரிக்கெட்டுக்குச் சாதகமாகவும் இரண்டாவது எதிராகவும் சொல்ல, 1867-இல் நாட்டின் உச்ச நீதிமன்றமாகச் செயல்பட்ட பிரபுக்கள் சபை இரண்டாவதன் பக்கமே நின்றது. அப்போது இங்கிலாந்தின் தலைமை நீதித்துறைப் பதவியில் இருந்த செம்ஸ்ஃபோர்டு பிரபுவும், அப்பதவியை முன்பு வகித்த கிரான்வர்த் பிரபுவும் தீர்ப்பெழுதினர். சட்டம் ஈடு செய்வது நிலத்துக்கு அல்லது நிலத்திலுள்ள உரிமைக்கு நேர்ந்த தீங்கையே. ஒருவருடைய தொழிலுக்கு நேர்ந்த தீங்கை அன்று. வாடிக்கையாளர் வராமற்போனது நிலத்திலிருந்து மிகவும் விலகிய ஒரு விளைவு என்பது அவர்கள் முடிவு. 1835-ஆம் ஆண்டுப் புத்தகக் கடைத் தீர்ப்பே இன்று அப்படி வந்திராது என்ற ஐயமும் எழுப்பப்பட்டது. உடன்படாதவர் வெஸ்ட்பரி பிரபு ஒருவரே. மதுக்கடைக்கென்றே அமைந்த ஒரு வீட்டின் மதிப்பு அதற்கு வரும் வாடிக்கையிலிருந்து பிரிக்கக்கூடியதன்று, ஆகவே வாடிக்கை கெட்டால் வீடு கெட்டதாகவே பொருள் என்ற திசையில் அவர் சிந்தனை சென்றது. கடைத்தெருவில் வாடகை எப்படி நிர்ணயமாகிறது என்று அறிந்த எவருக்கும் அவருடைய பார்வையே உண்மைக்கு நெருக்கமாகப் படும். முச்சந்திக் கடைக்கும் முட்டுச்சந்துக் கடைக்கும் செங்கல்லிலும் சுண்ணாம்பிலும் வேறுபாடில்லை. வாடகையில் உள்ள வேறுபாடு முழுவதும் கால்களின் எண்ணிக்கைதான். ஆனால் வென்றது பெரும்பான்மை.

இத்தீர்ப்பின் பின்னால் ஓர் அச்சமும் இருந்தது. ஒரு மதுக்கடைக்குக் கொடுத்தால், அதே தெருவின் ரொட்டிக் கடைக்கும் செருப்புக் கடைக்கும், சுற்றிப் போக நேர்ந்த வண்டிக்காரருக்கும் கொடுக்க வேண்டிவரும். அந்தக் கணக்கை எங்கே நிறுத்துவது என்ற அச்சம் அது. இரயில் நிறுவனங்கள் பங்குதாரர் பணத்தில் ஓடிய காலத்தில் அதற்கு எடை அதிகம்.

ஏழே ஆண்டுகளில் அதே சபை வேறொரு வழக்கில் ஈடு கொடுக்கச் சொன்னது; இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் கோடு எங்கே விழுந்தது என்பது விளங்கும். ஜோசப் பசால்கெட் தேம்ஸ் ஆற்றோரத்தில் கட்டிய விக்டோரியா கரைச்சாலையினால், பொதுமக்கள் பயன்படுத்திவந்த ஒரு சிறு படகுத்துறை நிரந்தரமாக அழிந்தது. அதற்கு அருகே செங்கல்லும் சுண்ணாம்பும் விற்ற மெக்கார்த்தி என்பவர் தம் இடத்தின் மதிப்பு குறைந்துவிட்டதாக 1874-இல் வென்றார். துறை அவருக்குச் சொந்தமன்று. ஆனால் அது அருகில் இருந்ததால் அவருடைய இடத்துக்கு, அதில் எந்தத் தொழில் நடந்தாலும், ஒரு கூடுதல் மதிப்பு இருந்தது. அது என்றென்றைக்குமாகப் போயிற்று. ஆக, நிரந்தரமாக அணுகல் போனால் அது நிலத்தின் நட்டம், ஈடு உண்டு. சில மாதமோ சில ஆண்டோ அடைத்துப் பின்னர் திறந்துவிட்டால் அது தொழிலின் நட்டம், ஈடு இல்லை. நூலில் நேர்த்தியாகத் தெரியும் இக்கோடு தெருவில் யாரை யாரிடமிருந்து பிரித்தது என்பது கவனிக்கத்தக்கது. நிலத்தின் மதிப்பு நிலக்காரருக்குரியது; அவர் காத்திருக்க வல்லவர்; பணி முடிந்து இரயில் ஓடத் தொடங்கினால் அவர் நிலம் முன்பைவிட விலையேறும். தொழிலின் நட்டம் வாடகைக்காரருக்குரியது. அவர் அந்த அடைப்புக் காலத்தைத் தாண்டினால்தானே விலையேற்றத்தைக் காண்பார், காணும்போதும் அது வாடகை உயர்வாகவே அவரை வந்தடையும்.

கட்டுவது அரசோ இரயில்வேயோ அல்லாமல் தனியாராக இருந்தாலும் நிலை பெரிதாக மாறவில்லை. 1930-களின் இறுதியில் லண்டனில் ஒரு சிறிய விடுதியின் உரிமையாளர், பக்கத்து மனையில் செல்ஃபிரிட்ஜ் நிறுவனம் பழைய கட்டடங்களை இடித்துப் புதியது எழுப்பியபோது எழுந்த இரைச்சலாலும் தூசியாலும் தங்குவோர் ஓடிவிட்டனர் என்று வழக்கிட்டார். மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. எனினும் முறையாகச் செய்யும் கட்டுமானத்தின் இடையூற்றை அண்டை வீட்டார் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும், இரவு வேலை போன்ற வரம்பு மீறலுக்கு மட்டுமே ஈடு என்று பிரித்து, கீழ் நீதிமன்றம் தந்த 4,500 பவுனை 1,000 பவுனாகக் குறைத்தது.

ரிக்கெட் தீர்ப்பு நூறாண்டு கடந்தும் அசையவில்லை. மெர்சி சுரங்கச் சாலையின் அணுகுசாலைகள் கட்டப்பட்டபோது பர்க்கன்ஹெட் நகரின் மோட்டார் வணிக நிறுவனம் ஒன்று தொடுத்த வழக்கில், 1970-களில், பிரபுக்கள் சபை வியாபார இலாப நட்டத்துக்கு ஈடில்லை என்று மறுபடியும் சொல்லிற்று. இலேசாக ஒரு சன்னல் திறந்தது 2000-ஆம் ஆண்டில்தான். ஹாரோவில் ஒரு விடுதியின் முன்னே சாலைப்பணிக்காக நின்ற அடைப்புகள் பற்றிய வழக்கில் ஹாஃப்மன் பிரபு, தற்காலிக மறிப்பானாலும் அக்காலத்தில் அந்த இடத்தின் வாடகை மதிப்பு குறைந்ததைக் காட்ட முடிந்தால் அது நிலத்தின் நட்டமே என்று ஏற்றார். ஆனால் முறையாக நடந்த பணியின் இரைச்சலுக்கும் தூசிக்கும் அதிர்வுக்கும் ஈடு இல்லை என்பதையும் கூடவே உறுதிப்படுத்தினார். இதற்கிடையே பிரிட்டனில் ஒரு விசித்திரமும் உருவாகியிருந்தது. எரிவாயுக் குழாய்க்காகத் தெருவைத் தோண்டினால், பணி 28 நாளுக்கு மேல் நீண்டு சிறு வணிகர் நட்டப்பட்டால் அவருக்கு ஈடு தர வேண்டும் என்று 1996-இல் விதிகள் வந்தன. அதே தெருவை அதே கடையின் முன் மாநகராட்சி சாலைப்பணிக்காகத் தோண்டினால் அப்படியொரு விதி இல்லை. பள்ளம் ஒன்றுதான், அதை வெட்டியவர் யார் என்பதைப் பொறுத்துக் கடைக்காரரின் உரிமை மாறிற்று. மற்றபடி, பணி நடக்கும் காலத்துக்கு வணிகக் கட்டடங்களின் மீதான வரியைக் குறைத்து மதிப்பிடுமாறு அவர் கேட்கலாம். அந்த வரியை அவர் கட்டுபவராக இருந்தால்.

அட்லாண்டிக்குக்கு அப்பாலும் ஏறக்குறைய அதே காலத்தில் அதே கேள்வி எழுந்தது. சிகாகோ நகரம் தன் ஆற்றுக்கு அடியில் லா சால் தெருச் சுரங்கப்பாதையை 1869 முதல் 1871 வரை கட்டியது. ஆற்றில் நீரை விலக்கி உலர்ந்த குழி ஏற்படுத்துவதற்காகக் காஃபர் அணை எனப்படும் தற்காலிக அடைப்பு இடப்பட்டது, தெருவும் தோண்டப்பட்டது. ஆற்றுக்கும் தெருவுக்கும் மூலையில் கிடங்கும் துறையும் வைத்திருந்த ஒரு நீராவிக் கப்பல் நிறுவனத்துக்குத் தண்ணீர் வழியும் தரை வழியும் ஒருசேர அடைபட்டன. நட்டத்தை நகரம் தர வேண்டியதில்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. பொதுப்பணியைச் சட்டப்படி, கவனக்குறைவின்றிச் செய்யும் அரசு அதன் தற்காலிக விளைவுகளுக்குப் பொறுப்பாகாது. சொத்தை ‘எடுத்தால்’ மட்டுமே ஈடு என்பது கூட்டாட்சி அரசியலமைப்பின் சொல். இதில் ஒரு கசப்பு உண்டு. இல்லினாய் மாநிலம் 1870-இல் ஏற்ற புதிய அரசியலமைப்பில், தனியார் சொத்தை ஈடின்றி எடுக்கவோ ‘சேதப்படுத்தவோ’ கூடாது என்று ஒரு சொல்லைக் கூட்டியிருந்தது. சுரங்கப்பணி அதற்கு முன்பே தொடங்கிவிட்டதால் கப்பல் நிறுவனத்துக்கு அது உதவவில்லை. பின்னர் பல மாநிலங்கள் அச்சொல்லைத் தத்தம் அரசியலமைப்பில் சேர்த்துக்கொண்டன. ஆனால் அங்கும் நீதிமன்றங்கள் பெரும்பாலும் நிரந்தரச் சேதத்துக்கே கதவைத் திறந்தன; பணி நடக்கும்போது கல்லா காய்ந்ததைச் சேதமாக எண்ணத் தயங்கின.

பிரான்சில் கேள்வியே வேறு விதமாகக் கேட்கப்பட்டது. பொதுப்பணியால் நேரும் சேத வழக்குகளைச் சாதாரண நீதிமன்றங்களிலிருந்து எடுத்து நிர்வாக மன்றங்களிடம் தந்த சட்டம் 1800 பிப்ரவரியிலேயே வந்துவிட்டது. 1789-ஆம் ஆண்டு மனித உரிமைப் பிரகடனத்தின் 13-ஆம் பிரிவு, பொதுச் செலவைக் குடிமக்கள் அனைவரும் தத்தம் வசதிக்கேற்பச் சமமாகப் பகிர வேண்டும் என்கிறது. இதிலிருந்து, ஊர் முழுவதற்கும் பயன்படும் ஒரு பணியின் சுமை ஒருவர் தலையில் மட்டும் விழுந்தால் அச்சமம் குலைகிறது என்ற கொள்கை வளர்ந்தது. இங்கே அரசு தவறு செய்ததா என்ற ஆராய்ச்சி வேண்டியதில்லை. நட்டம் இயல்பை மீறியதாகவும், குறிப்பிட்ட சிலருக்கு மட்டும் உரியதாகவும் இருந்தால் போதும். ரிக்கெட் லண்டனுக்குப் பதிலாகப் பாரிசில் கடை வைத்திருந்தால் வழக்கு உறுதியாக வென்றிருக்கும் என்று சொல்லிவிட முடியாது. கடையை அணுகுவதே முடியாமலோ மிகக் கடினமாகவோ ஆகியிருந்தால்தான் பிரெஞ்சு மன்றங்கள் செவிசாய்த்தன. போக்குவரத்து திசைமாறிப் போய்விட்டது என்பது மட்டும் போதவில்லை. இருந்தும், தொழிலின் நட்டம் என்பதாலேயே அதை வாசலில் நிறுத்தும் வழக்கம் அங்கே இல்லை.

இந்தக் கொள்கையே பிற்காலத்தில் ஒரு நடைமுறையாக உருவெடுத்தது. ஒரு தலைமுறைக்கு முன் பிடுங்கி எறிந்த டிராம் தண்டவாளங்களைப் பிரெஞ்சு நகரங்கள் திரும்பப் பதிக்கத் தொடங்கின. 1985-இல் நான்ட், 1987-இல் கிரனோபிள், 1994-இல் ஸ்ட்ராஸ்பூர் என்று வரிசை நீண்டது. கடைத்தெருக்கள் இரண்டு மூன்று ஆண்டுகள் கிளறிக் கிடக்கும் என்பது தெரிந்தே இருந்ததால், வணிகர் ஒவ்வொருவரும் வழக்கிட்டுக் காத்திருக்கும் முறைக்கு மாற்றாக, நிர்வாக நீதிபதி ஒருவர் தலைமையில் இணக்கத் தீர்வுக் குழுக்களைப் பல நகரங்கள் அமைத்தன. வணிகர் தம் பற்றுவரவுக் கணக்கைக் கொடுக்க வேண்டும், குழு முந்திய ஆண்டுகளோடு ஒப்பிட்டு ஒரு தொகையைச் சொல்லும், ஏற்றால் வழக்கில்லை. கடை மூடுவதற்கு முன் பணம் கைக்கு வர வேண்டும் என்ற எளிய உண்மையை நீதிமன்றத்தைவிட இக்குழுக்கள் நன்றாகப் புரிந்துகொண்டிருந்தன.

பெல்ஜியம் 2005 டிசம்பர் 3 அன்று இதற்கெனத் தனிச் சட்டமே இயற்றியது. பொதுவிடத்தில் நடக்கும் பணியால் வருமானம் இழக்கும் சுயதொழிலாளருக்கு நாட்கணக்கில் ஒரு தொகை என்பது அதன் உள்ளடக்கம். ஆனால் அதைப் பெறத் தொடர்ந்து சில நாட்கள் கடையை மூடியிருக்க வேண்டும். இருக்கிற நாலு வாடிக்கையாளரையாவது தக்கவைக்கக் கடையைத் திறந்து வைத்துப் போராடியவருக்கு ஒன்றுமில்லை, பூட்டிவிட்டு வீட்டில் இருந்தவருக்கு உண்டு என்பது, நட்டத்தை அளக்கத் தெரியாத அலுவலகம் பூட்டை அளந்ததன் விளைவு. பின்னர் இப்பொறுப்பு வட்டார அரசுகளிடம் போனபோது பிளாண்டர்ஸ் அரசு 2017-இல் முறையை மாற்றியது: பத்துக்கும் குறைவான பணியாளர் உள்ள கடைக்கு, முன்னால் நீண்ட பணி நடந்தால் 2,000 யூரோ. எவ்வளவு நட்டம் என்ற விசாரணை இல்லை. பொதுப்பணிகள் அனைத்தும் முன்கூட்டியே பதிவாகும் தரவுத்தளத்தைப் பார்த்து, எந்தெந்தக் கடை முகப்புகள் பாதிக்கப்படும் என்று கணக்கிட்டு, அரசே கடைக்காரருக்குக் கடிதம் எழுதியது. தொகை சிறிதுதான். ஆயினும் மனுவோடு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குவது வணிகரின் வேலை என்ற நூற்றாண்டு வழக்கத்தை அந்தக் கடிதம் தலைகீழாக்கிற்று.

அமெரிக்காவில் மாற்றம் நீதிமன்றத்தின் முன்வாசல் வழியே வரவில்லை. இனவரலாற்றின் வழியே வந்தது. சியாட்டில் நகரின் இலகு இரயில், செல்வர் பகுதிகளில் சுரங்கமாகவும், கறுப்பினத்தவரும் தென்கிழக்காசியக் குடியேறிகளும் வாழும் ரெய்னியர் பள்ளத்தாக்கில் மார்ட்டின் லூதர் கிங் சாலையின் நடுவே தரைமட்டத்திலும் போகத் திட்டமிடப்பட்டபோது எழுந்த எதிர்ப்பின் விளைவாக 5 கோடி டாலர் நிதி ஒன்று ஏற்படுத்தப்பட்டது; கட்டுமானக் காலத்தில் நட்டப்பட்ட கடைகளுக்கு அதிலிருந்து உதவி போயிற்று. 2009 ஜூலையில் இரயில் ஓடத் தொடங்கியது. செயின்ட் பால் நகரில் பல்கலைக்கழக நிழற்சாலை வழியே இலகு இரயிலின் பச்சைத் தடம் அமைக்கப்பட்டபோது நிலைமை இன்னும் கூர்மையாக இருந்தது. 1950-களிலும் 60-களிலும் விரைவு நெடுஞ்சாலை ஒன்றுக்காக இடித்து அழிக்கப்பட்ட ராண்டோ என்ற கறுப்பினக் குடியிருப்பின் நினைவு அப்பகுதியில் ஆறாதிருந்தது. புதிய தடத்தால் கடை முன் வண்டி நிறுத்தும் இடங்களின் பெரும்பகுதியும் போகவிருந்தது. குடியிருப்போரும் வணிகரும் தொடுத்த வழக்கில் கூட்டாட்சி நீதிமன்றம் 2011-இல், கட்டுமானக் காலத்தில் கடைகள் இழக்கும் வருவாயைச் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை போதிய அளவு ஆராயவில்லை என்று தீர்ப்பளித்தது. பணியை நிறுத்தவில்லை, ஈடு கொடுக்கவும் சொல்லவில்லை, எண்ணிப் பார் என்று மட்டும் சொன்னது. ஈடு இல்லாத நட்டமானாலும் கணக்கில் ஏறாத நட்டமாக இருக்கக்கூடாது என்ற இந்தச் சிறு நகர்வு, ரிக்கெட் தீர்ப்புக்குப் பிறகான வரலாற்றில் சாதாரணமானதன்று. அங்கே சிறு வணிகருக்குத் தரப்பட்டது கொடையும் அன்று, முழுக் கடனும் அன்று: 20,000 டாலர் வரை கடனாகக் கொடுத்து, கடை அதே தடத்தில் தொடர்ந்து நடந்தால் ஆண்டுதோறும் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்யும் ஏற்பாடு. ஓடிப்போகாமல் நிற்பவருக்கே உதவி என்பதால், பெல்ஜியத்தின் பூட்டுக்கு நேரெதிரான தருக்கம் இது.

லாஸ் ஏஞ்சலிஸ் போக்குவரத்து வாரியம் 2015-இல் தொடங்கிய வணிக இடையீட்டு நிதி இவற்றுள் விரிவானது. தடங்கள் தோண்டப்பட்ட கிரென்ஷா, லிட்டில் டோக்கியோ போன்ற பகுதிகளில், பணிக்கு நேர் அடுத்து இருக்கும் கடைக்கு ஆண்டுக்கு 50,000 டாலர் வரை கிடைத்தது. பணியாளர் 25 பேருக்கு மேல் இருக்கக்கூடாது; குறைந்தது இரண்டு ஆண்டு அதே இடத்தில் நடந்திருக்க வேண்டும்; உரிமமும் வரியும் ஒழுங்காக இருக்க வேண்டும்; பணிக்கு முந்திய வருவாயையும் பிந்திய வருவாயையும் ஆவணத்தோடு காட்ட வேண்டும் என்பன நிபந்தனைகள். கேட்டவை நியாயமானவைதாம். ஆனால் ரொக்கத்திலேயே வாங்கி ரொக்கத்திலேயே விற்று, வரிக்குப் பாதி வருவாயை மட்டும் காட்டிவந்த குடும்பக் கடை, நட்டத்தைக் காட்டப் போனால் முன்பு காட்டாததையும் காட்ட நேரும். உண்மையான நட்டம் கல்லாவில் இருக்க, உதவியின் அளவுகோல் பேரேட்டில் இருந்தது. உதவி உரிமையாக வராமல் அருளாக வரும் இடமெங்கும் இந்த இடைவெளி தவிர்க்க முடியாதது. உரிமை கேட்பவர் சான்றை மட்டும் தருகிறார், அருள் கேட்பவர் தம் யோக்கியதையையும் சேர்த்துத் தர வேண்டியிருக்கிறது.

இங்கிலாந்தின் 1845-ஆம் ஆண்டுச் சிந்தனை இந்தியாவுக்கும் கப்பலேறி வந்தது. 1894-ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, ஈட்டுத்தொகையை நிர்ணயிக்கையில் கருத வேண்டியவற்றுள் நான்காவதாக, கையகப்படுத்துவதால் ஒருவருடைய பிற சொத்துக்கோ ‘சம்பாத்தியத்துக்கோ’ நேரும் தீங்கையும் குறிப்பிட்டது. ரிக்கெட் வழக்கில் பிரபுக்கள் ஒதுக்கிய சம்பாத்தியத்தை இச்சட்டம் பெயர் சொல்லி அழைத்தது உண்மைதான். ஆனால் நிலம் எடுக்கப்படுபவரின் சம்பாத்தியத்தை மட்டுமே அழைத்தது. அதற்குப் பதிலாக 2014 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த 2013-ஆம் ஆண்டுச் சட்டம் 28-ஆம் பிரிவில் அச்சொல்லைக் காப்பாற்றிக்கொண்டதோடு, மூன்றாண்டாக அவ்விடத்தையே பிழைப்புக்கு நம்பியிருந்தவர்களையும் ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ என்ற வரையறைக்குள் கொண்டுவந்தது. தெருவோர வணிகருக்கென 2014-இல் வந்த தனிச் சட்டம், அவரை இடம்பெயர்ப்பதற்கு 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்றது.

சென்னையில் மெட்ரோ இரயிலின் முதல் கட்டப் பணி 2009-இல் தொடங்கியது. அண்ணா சாலையின் அடியில் செல்லும் பகுதி 2019 பிப்ரவரியில்தான் முழுமையாகத் திறக்கப்பட்டது. நிலையங்கள் தோண்டப்பட்ட அவ்வாண்டுகளில் அச்சாலையின் தகர அடைப்புகளுக்குப் பின்னால், ஒற்றையடி நடைபாதையை நம்பி நின்ற உதிரிபாகக் கடைகளும், கண்ணாடிக் கடைகளும், உணவகங்களும் 1860-களின் கிளர்கன்வெல் மதுக்கடை இருந்த நிலையிலேயே இருந்தன. நிலையத்துக்கு வாயில் அமைக்க மனை கொடுத்தவருக்கு, எதிர்க்கவும் பேரம் பேசவும் ஒரு சட்டமும் அதில் ஒரு பிரிவும் இருந்தன. தோண்டப்பட்டது சாலை, சாலை ஏற்கெனவே அரசின் நிலம், அதைக் கையகப்படுத்த வேண்டிய தேவையே எழவில்லை. ஆகவே, அடைப்புக்குப் பின்னால் நின்ற கடைக்காரரைப் பொறுத்தவரை, சம்பாத்தியம் என்ற சொல் இருக்கும் பக்கத்தைப் புரட்டும் சந்தர்ப்பமும் வரவில்லை.